அரைவரிப் பேராச்சி

அம்மன் கோயில் கொடை முடிந்த மறுநாள் காலையில் கல்லிக்குள், அந்தக் குறுகிய சந்துக்குள், கறி வரும். வெட்டிய கிடாக்களைக் கூறு போட்டுக் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சங்கத்து ஆட்கள் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போவார்கள். வரி கொடுத்த வீட்டுக்கு ஒரு கூறு. பேராச்சிக்கு வரும் பை மெலிந்திருக்கும். கொடுக்கிறவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டுவான். அவள் அரைவரி, அதனால் அரைக்கூறு.

தாராவியிலுள்ள திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிழைக்க வந்து மூன்று தலைமுறை ஆகியும் ஒவ்வொரு ஊருக்கும் இங்கே ஒரு சங்கம் உண்டு, ஓர் அம்மன் கோயில் உண்டு, கொடை உண்டு, வரி உண்டு. ஆம்பிளை இருக்கிற குடும்பம் ஒரு தலைக்கட்டு; முழு வரி. ஆம்பிளை செத்துப்போனாலோ, வேறொருத்தியோடு போய்விட்டாலோ, அந்தக் குடும்பத்துக்குப் பாதி வரி. சங்கம் இதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறது. அந்த வீட்டுக்குக் கூட்டத்தில் இடமில்லை, கை தூக்க உரிமையில்லை, நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது. எல்லாவற்றையும் சலுகை என்ற ஒரு சொல்லுக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

பேராச்சியின் கணவன் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்தான். காரியம் முடிந்த கையோடு சங்கத் தலைவர் பிரம்மநாயகம் வீட்டுக்கு வந்தார்.

"தாயி, இனிமே நீ பாதி குடுத்தாப் போதும். ஊரு ஒன்னயக் கைவிடாது."

பேராச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுதான். கைக்குழந்தையும் பசியும் இருந்தன, யோசிக்க நேரமில்லை. பிறகு சலாவுதீன் பாயின் தோல் பட்டறையில் பெல்ட்டுக்குத் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். மகளை வளர்த்து கோபர்கைரனேயில் கட்டிக் கொடுத்தாள். இரும்பு ஏணி வைத்து ஏறும் மாளாவில், அதாவது ஒரு வீட்டின் தலைமேல் கட்டிய இன்னொரு அறையில், இன்றுவரை தனியாக இருக்கிறாள்.

அவளை வம்புக்காரி ஆக்கியது தண்ணீர்க் குழாய்.

அந்தக் கல்லியின் குடிதண்ணீர்க் குழாய் கட்டருக்குள் படுத்துக் கிடக்கிறது. கட்டர் என்றால் இங்கே சாக்கடை. தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் குழாய் காலி. காலிக் குழாய் சும்மா கிடக்காது. துருப்பிடித்த இணைப்புகள் வழியாகச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் குழாயைத் திறந்தால் முதல் பக்கெட் அந்த நிறத்தில்தான் வரும். பெண்கள் அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது பக்கெட்டைக் குடிப்பார்கள். பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை.

குழாயைக் கட்டரிலிருந்து தூக்கிச் சுவரோரமாகக் கொண்டுபோக வேண்டும். பேராச்சி கேட்டது அவ்வளவுதான். மாநகராட்சி அலுவலகத்தில் இருந்தவர், தாராவியையே இடித்துக் கட்டப் போகிறார்கள், இப்போது எதற்குப் புதுக் குழாய் என்றார். அதுவரை எதைக் குடிப்பது என்று கேட்டால், நகர்சேவக்கின் கடிதம் கொண்டு வா என்றார். நகர்சேவக் என்றால் வார்டிலிருந்து மாநகராட்சிக்குப் போகும் உறுப்பினர். அப்படி ஒருவர் இந்த நகரத்தில் எந்த வார்டுக்கும் அப்போது இல்லை. ஏறக்குறைய நான்கு வருடம் மும்பையில் மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. இல்லாத ஆளின் கடிதத்தைக் கேட்டு அலைக்கழித்தார்கள்.

கடைசியில் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, பட்டறையில் சலாவுதீன் பாயின் மனைவி சுலைகா ஒரு செய்தி சொன்னாள். பாயின் அண்ணன் மகன் அர்பாஸ் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறான்.

"அங்க மேயர ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டு எடுக்காங்களாம். ஓட்டுச் சீட்டுல கட்சி பேரே கிடையாதாம். ஆளு பேரு மட்டுந்தான்."

"நம்ம மேயர யாரு எடுக்கா லாத்தா?"

"நகர்சேவக்குங்க அவங்களுக்குள்ள கூடி எடுத்துக்கிடுவாங்க. நம்மகிட்ட எவன் கேக்கான்?"

பேராச்சி பெல்ட்டைத் திருப்பிப் போட்டு அடுத்த துளையை அடித்தாள். "கட்சி இல்லாட்டி ஆள எதை வச்சு எடை போடுவாக?"

"பேர வச்சுத்தான்."

"பேர வச்சா? அப்ப சோலி முடிஞ்சது. பேரச் சொன்னா நம்மாளுக ஊரு, தெரு, கொலசாமி வரைக்கும் சொல்லிருவாகள்லா."

பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு போனாலும் அந்த எண்ணம் அவளை விடவில்லை. எல்லாக் கட்சிக்கும் இந்தக் கல்லி ஓட்டுப் போட்டிருக்கிறது. எந்தக் கட்சியும் குழாயைத் தூக்கவில்லை. கட்சியே வேண்டாம், கல்லிக்காரர் ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்துவோம், குழாயைத் தூக்குவது ஒன்றே வேலை என்று வீடு வீடாகச் சொன்னாள். பெண்களுக்குப் பிடித்திருந்தது. ஆண்களும் தலையாட்டினார்கள். இட ஒதுக்கீட்டுக் குலுக்கலில் அந்த வார்டு பெண்களுக்கு என்று விழுந்ததும் எல்லோரும் பேராச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம் கூடியது.

கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் கம்பிக்கதவுக்கு வெளியே நின்றார்கள். பெண்கள் வார்டுக்கு வேட்பாளர் தேடிய கூட்டம் அது.

"கட்சி நமக்கு வேண்டாம்," என்றார் பிரம்மநாயகம். "ஊரு வேட்பாளர். எல்லாரும் ஒரே மனசா நிக்கணும்."

நாகராஜ் என்ற இளைஞன் எழுந்தான். பேராச்சியின் வீட்டுக்குக் கீழே குடியிருப்பவன், டெம்போ ஓட்டுகிறவன். "அப்ப பேராச்சி மைனியவே நிறுத்தலாம் அண்ணாச்சி. அவங்கதான இதுக்கு அலைஞ்சாங்க."

"அலைஞ்சா. ஆரு இல்லைங்கா? ஆனா அரைவரியக் கொண்டு நிறுத்துனா மத்த ஊர்க்காரன் என்ன பேசுவான்? அந்த ஊருல முழுசா ஒரு பொம்பள கூடக் கெடைக்கலியான்னு கேப்பான்ல?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள். நாகராஜ் உட்கார்ந்துவிட்டான். வேட்பாளராகப் பிரம்மநாயகத்தின் மனைவி நாகலக்ஷ்மி தேர்ந்தெடுக்கப்பட்டாள். அவள் வெளியே பெண்களோடு பெண்ணாக நின்றுகொண்டிருந்தாள். "எனக்கு எதுக்கு இதெல்லாம்," என்று பக்கத்தில் இருந்தவளிடம் முனகினாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கட்சிக் கொடியை இறக்கிவிட்டால் மனிதர்கள் மனிதர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று பேராச்சி நம்பியிருந்தாள். கொடியை இறக்கினார்கள். கம்பு அப்படியே நின்றது. அந்தக் கம்பு எந்தக் கட்சிக்கும் முந்தியது.

பேராச்சி தனியாக மனுத்தாக்கல் செய்தாள். முன்மொழிந்தவள் சுலைகா. சின்னமாகப் பக்கெட் கிடைத்தது. கல்லியில் அதற்கும் பேச்சு தயாராக இருந்தது: "அரைவரிக்கு அரை பக்கெட் தண்ணிதானடே வரும்."

அவள் கொடியும் பிடிக்கவில்லை, கோஷமும் போடவில்லை. காலையில் குழாயில் வரும் முதல் பக்கெட்டைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனாள். வீட்டுக்காரர்கள் கண்ணெதிரே அதை வைத்துவிட்டு, "இதத்தான் நம்ம புள்ளையளுக்குக் குடுக்கோம்," என்பாள். வேறு பிரசாரம் இல்லை.

பிரம்மநாயகத்துக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை சங்கத்தார் எல்லோரையும் கோயிலுக்கு வரச் சொன்னார். தட்டில் சூடம் எரிந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புருஷனும் பெண்டாட்டியும் வந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ஊர் வேட்பாளருக்குத்தான் ஓட்டு என்று அம்மன்மேல் சத்தியம் செய்ய வேண்டும். அணைத்ததும் பூசாரி அடுத்த கட்டியை ஏற்றுவார். நாகராஜின் மனைவி பூமாரி, ஆறு வயது மகள் தர்ஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டே அடித்தாள். நாகலக்ஷ்மியும் அடித்தாள். தனக்குத்தானே ஓட்டுப் போடுவதாக அவள் சத்தியம் செய்தாள்.

அரைவரிப் பெண்களும் ஓரமாக வரிசையில் நின்றார்கள். பூசாரி கையால் தடுத்தார்.

"நீங்க தொடப்பிடாது. தள்ளி நின்னு கும்பிட்டுட்டுப் போங்க."

அரைவரிக்காரி கை பட்டால் சூடத்துக்குத் தீட்டாம். மரத்திலிருந்தும் ரசாயனத்திலிருந்தும் செய்து பாக்கெட்டில் விற்கும் ஒரு வெள்ளைக் கட்டி, யார் விதவை, யார் சுமங்கலி என்று பார்க்கிறதாம். இதை நம்புகிறவர்கள் கையில் விலை உயர்ந்த செல்போன் இருக்கிறது.

மறுநாள் குழாயடியில் அரைவரிப் பெண்கள் இதைப் பேசிப் பேசிச் சிரித்தார்கள்.

"தொட்டவளத்தான சாமி கண்ணக் குத்தும்? நம்மளத்தான் தொட விடலியே."

"ஒதுக்கி வச்சது நல்லதாப் போச்சு, ஏட்டி. நம்ம கை சுடலை."

ஊர் அவர்களை மனிதக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் அந்தக் கல்லியில் சுதந்திரமாக ஓட்டுப் போடக்கூடியவர்கள் அவர்களும், சுலைகாவைப் போன்ற சில முஸ்லிம் வீட்டுக்காரர்களும் மட்டுமே என்று ஆகிவிட்டது.

மற்றவர்களுக்காகப் பேராச்சி மறுபடி வீடு வீடாகப் போனாள். "மிஷின்ல எந்தப் பொத்தான அமுக்குனன்னு எவனுக்கும் தெரியாது," என்றாள் பூமாரியிடம்.

"எவனுக்கும் தெரியாது மைனி," என்று பூமாரி கோயில் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அவளுக்குத் தெரியுமே."

ஜனவரியில் தேர்தல் நடந்தது. மறுநாள் எண்ணினார்கள். கட்சிக்காரர் ஒருவர் ஜெயித்தார். நாகலக்ஷ்மியும் தோற்றாள், பேராச்சியும் தோற்றாள். பேராச்சி அன்று மத்தியானமே பட்டறைக்கு வந்து துளை போட உட்கார்ந்துவிட்டாள். சுலைகா டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் குடிக்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் தோல்வி என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் எண்ணும் இடத்தில் ஒவ்வொரு பூத்தின் கணக்கையும் தனித்தனியாக வாசிக்கிறார்கள். அதைப் பிரம்மநாயகத்தின் ஆள் குறித்துக்கொண்டு வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயில் முன்னால் நின்று பேசினார்.

"அரைவரிக்காரிக அத்தன பேரும் போட்டிருந்தாலும் முப்பது தேறுமா? பாய் வீடுகளச் சேத்தா அம்பது. நம்ம பூத்துல பக்கெட்டுக்கு நூத்தம்பதுக்கு மேல விழுந்திருக்கு. மிச்சம் யாரு?"

அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சூடத்துல கை வச்சிட்டு மாத்திப் போட்டவங்க யாருன்னு நான் கேக்கல. அவ கேப்பா."

கேள்விப்பட்டபோது பேராச்சிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சத்தியம் செய்தவர்களில் இத்தனை பேர் தன்னை நம்பியிருக்கிறார்கள். பிறகு குழாயடியில் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. ஒருத்தி இருமினால் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது. கணவன் மனைவியைக் கேட்டான், மாமியார் மருமகளைக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில் தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. ஒரு மத்தியானம் பூமாரி இரும்பு ஏணியில் ஏறிவந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"நான்தான் மைனி. பக்கெட்டுக்குத்தான் அமுக்குனேன். அவள இடுப்புல வச்சிக்கிட்டுச் சத்தியம் பண்ணுனேன். அதான் அம்மன் அவளப் புடிச்சிட்டா."

"ஏட்டி, கிறுக்கி. புள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது, நீ இங்க வந்து ஓட்டுக் கணக்குச் சொல்லுத. எந்தி."

பேராச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டைபாய்டு. இளம் பெண் டாக்டர் முதலில் கேட்டது, வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதுதான். கல்லியின் பேரைச் சொன்னதும், "அங்கிருந்தே இது நாலாவது குழந்தை," என்றார்.

அந்த நாலில் ஒன்று, இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தது. பிரம்மநாயகத்தின் பேரன். பக்கத்தில் நாகலக்ஷ்மி.

பேராச்சி பூமாரியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "பாரு. தலைவர் வீட்டுப் புள்ள. அதே காய்ச்சல். அந்த வீட்டுல யாரு சத்தியத்த மீறுனா? சூடமா இது? அந்தப் பைப்பு, ஏட்டி."

பூமாரி அந்தக் கட்டிலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்ப அந்த வீட்டுலயும் யாரோ பக்கெட்டுக்குப் போட்டிருக்காக."

பேராச்சிக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. இரண்டு பிள்ளைகள், ஒரே குழாய், ஒரே நோய், கண்ணெதிரே கிடக்கிறது. அதைப் பார்த்து ஒரு தாய் எடுத்த முடிவு இது. இந்தப் புத்தியைக் குழந்தையிலிருந்தே ஊட்டி வளர்த்தவர்கள் சுகமாக இருக்கிறார்கள். பழி அவளுக்கு.

ஆனால் பூமாரி சொன்னது சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன பேராச்சியின் பின்னாலேயே நாகலக்ஷ்மி வந்தாள். பூமாரியும் பாட்டிலோடு பக்கத்தில்தான் நின்றாள். நாகலக்ஷ்மி அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஒன் பக்கெட்டுக்குத்தான் பேராச்சி போட்டேன். எனக்கு ஆபீசுல போயி என்ன பேசத் தெரியும்? நீ பைப்பத் தூக்கிருவன்னு போட்டேன். எனக்கே போடுறேன்னு சத்தியம் பண்ணிட்டு மாத்திட்டேன். பேரப்புள்ள கெடக்கான் பாரு."

வேட்பாளரே எதிராளிக்கு ஓட்டுப் போட்டிருக்கிறாள். பேராச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு புள்ளையும் பொழைச்சிரும் மைனி," என்று மட்டும் சொன்னாள்.

பிழைத்துவிட்டன. ஊசியும் மருந்தும் சேர்ந்து காய்ச்சலை இறக்கின. ஆனால் பூமாரி, பிள்ளை குணமானால் கோயிலில் குத்தம் ஒப்புக்கொள்வதாக ஆஸ்பத்திரியிலேயே வேண்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள்.

"போகாத," என்றாள் பேராச்சி. "நீ போயி நின்னா தலைவரு மத்தவ பேரெல்லாம் உன் வாயிலருந்து புடுங்குவாரு. அம்புட்டு வீட்டுலயும் அடிதடி ஆகும்."

"எம் புள்ளைக்குத் திரும்ப வந்தா நீங்களா மைனி பதில் சொல்லுவீக?"

குழாய் கட்டரில்தான் கிடந்தது. காய்ச்சல் திரும்ப வராது என்று பேராச்சியாலும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் பூமாரி எல்லோருக்கும் நடுவில் நின்று சொன்னாள். நாகராஜ் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். பேராச்சி கம்பிக்கதவுக்கு வெளியே நின்றாள். பிரம்மநாயகத்துக்குப் பக்கத்தில் நாகலக்ஷ்மி விபூதித் தட்டோடு நின்றாள்.

"ஒப்புக்கிட்ட, நல்லது," என்றார் பிரம்மநாயகம். "ஒன்கூட இன்னும் யாரு யாரு?"

பூமாரி நிமிர்ந்தாள். நாகலக்ஷ்மியை ஒரு தரம் பார்த்தாள். பேராச்சி கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கு நான் அமுக்குன பொத்தான் மட்டுந்தான் மாமா தெரியும்."

"அம்மன் முன்னால நிக்க."

"அதான் சொல்லுதேன். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவகிட்டயே கேட்டுக்கிடுங்க."

எங்கோ ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். பிரம்மநாயகம் முகம் கறுத்தது. சங்கத்தார் ஒதுங்கிப் பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். குத்தப் பணம் கட்ட வேண்டும். அதோடு, சத்தியம் தவறிய வீடு முழு வீடாக இருக்க முடியாது. ஒரு வருடத்துக்கு நாகராஜ் வீடு அரைவரி.

அன்றிலிருந்து நாகராஜ் மனைவியோடு பேசவில்லை. உயிரோடு இருக்கிற ஆண், செத்தவன் கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டான். முதல் ஆளாகப் பேராச்சியின் பெயரைச் சொன்னவன் அவன்தான் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பெண்கள் தாமாகவே வந்து குத்தம் ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தியின் பிள்ளைக்குச் சளி. ஒருத்தியின் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்திருந்தான். தனக்கு ஓட்டுப் போட்டதற்காக மன்னிப்புக் கேட்டு நிற்கும் வரிசையைப் பேராச்சி கம்பிக்கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். அந்த மூன்று வீடும் அரைவரி ஆயின. நாகலக்ஷ்மி தட்டைப் பிடித்தபடி கடைசிவரை வாய் திறக்கவில்லை.

புது நகர்சேவக்கைப் பார்க்கப் பேராச்சி இரண்டு முறை போனாள். எல்லாம் இடித்துக் கட்டப் போகிறார்கள், பொறுத்துக்கொள் என்றார். பழைய பதில்தான், சொன்ன வாய் புதிது.

போன வாரம் காலையில் குழாயடியில் பூமாரி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கோயிலில் ஒப்புக்கொண்ட பிறகு இப்போதுதான் வருகிறாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் தர்ஷினிக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். பிள்ளையின் கையில் மந்திரித்த கயிறும் கட்டியிருக்கிறாள்.

குழாய் இருமிவிட்டு முதல் பக்கெட்டை நிரப்பியது. பூமாரி அதைக் கொட்டாமல் ஓரமாக எடுத்து வைத்தாள்.

"மைனி, அரைவரின்னா இனிமே என்னயும் சூடத்தத் தொட்டுச் சத்தியம் பண்ண விட மாட்டாகல்லா?"

"விட மாட்டாக."

பூமாரி அடுத்த பக்கெட்டைக் குழாய்க்கு அடியில் நகர்த்தினாள். "அப்ப சரி," என்றாள்.